‘யாருடைய உதவியும் இன்றி’

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அரசின் இணையவழிச் சேவைகள் பற்றி வந்த கட்டுரையை என் அக்கா மகன் எனக்கு வாசித்துக் காட்டினான். அதில் ஒரு வரி: “மாற்றுத்திறனாளிகள் இனி யாருடைய உதவியும் இன்றி, வீட்டில் இருந்தபடியே விண்ணப்பிக்கலாம்.” இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். பாதியிலேயே சிரித்துவிட்டான். அந்த ‘யாருடைய’ என்பது அவன்தான் என்பதால் அவனுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

நான் பிறவியிலேயே பார்வை இல்லாதவன். 22 ஆண்டுகளாக அரசுப் பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். கணினி தெரியாதவன் என்று நினைத்துவிட வேண்டாம். ‘என்விடிஏ’ என்ற ஸ்கிரீன் ரீடரைப் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பயன்படுத்துகிறேன். திரையில் இருப்பதைப் பேசிக் காட்டும் இலவச மென்பொருள் அது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர்கள் இருவர் தொடங்கி உலகத்துக்கே கொடுத்தது. வினாத்தாள் தயாரிப்பது, மதிப்பெண் பட்டியல் போடுவது எல்லாம் நானேதான். அப்படியிருந்தும் உங்கள் கட்டுரையை ஏன் இன்னொருவர் வாசிக்கக் கேட்டேன் என்பதை அப்புறம் சொல்கிறேன்.

போன மாதம் சலுகை அட்டை ஒன்றைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. எந்தத் துறை என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்த ஒன்றை மட்டும் சரிசெய்துவிட்டுப் படம் எடுத்துப் போடுவார்கள். இரவு ஒன்பது மணிக்கு உட்கார்ந்தேன். விண்ணப்பத்தில் பெட்டிக்குப் பக்கத்தில் ‘தந்தை பெயர்’, ‘கிராமம்’ என்றெல்லாம் எழுதியிருக்கிறதாம். கண்ணால் பார்ப்பவருக்கு அது போதும். அந்தப் பெயர் இந்தப் பெட்டிக்குரியது என்று பக்கத்தின் நிரலில் முடிச்சுப் போட்டிருந்தால்தான் எனக்கு அது கேட்கும். அந்த ஒரு வரியை யாரும் எழுதவில்லை. ஆகவே நான் டேப் விசையைத் தட்டத் தட்ட, என்விடிஏ “எடிட், பிளாங்க்... எடிட், பிளாங்க்” என்று ஜெபம் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே போனது. குத்துமதிப்பாக நிரப்பினேன். என் அப்பா பெயர் கிராமத்தின் பெட்டியில் போய் உட்கார்ந்திருந்தது. மனிதர் செத்துப் பதினெட்டு ஆண்டு கழித்து ஓர் ஊர் ஆகிவிட்டார்.

பிறந்த தேதியைத் தட்டச்சு செய்ய விடமாட்டார்கள். நாள்காட்டி ஒன்று திறக்கும். அதில் மவுஸால்தான் எடுக்க வேண்டும். அக்கா மகனைக் கூப்பிட்டேன். அவன் மாதம் மாதமாகப் பின்னால் தள்ளிக்கொண்டே 1977 வரை போனான். “மாமா, இன்னும் கொஞ்சம் லேட்டாப் பிறந்திருக்கக் கூடாதா?” என்றான். கடைசியாக வந்தது அந்தக் கோணல் எழுத்துப் படம். மனிதன்தான் என்று நிரூபிக்கச் சொல்கிறது. ஒலியாகக் கேட்கும் வசதியும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அழுத்தினால் இரைச்சலுக்கு நடுவே ஓர் ஆங்கிலக் குரல் எண்களைச் சொல்கிறது. அதே நேரம் ஸ்கிரீன் ரீடரும் பேசுகிறது. பல்லி சொல்வது கேட்குமா, பக்கத்து வீட்டுச் சண்டை கேட்குமா? நாலாவது முயற்சியில் “உங்கள் நேரம் முடிந்தது” என்று வந்தது. எல்லாப் பெட்டிகளும் மறுபடி பிளாங்க்.

மறுநாள் மாலை பிரவுசிங் சென்டருக்குப் போனேன். ஆதார், ஊனச் சான்று, சம்பளச் சான்று எல்லாவற்றையும் கொடுத்தேன். அந்தத் தம்பி நல்லவர். ஆனால் அவருக்கு வேலை வேகமாக ஆக வேண்டும். “எத்தனை பர்சன்ட் சார் போட்டிருக்கு? மாசம் எவ்வளவு வருது? ஓடிபி சொல்லுங்க” என்று சத்தமாகக் கேட்டார். நானும் சத்தமாகச் சொன்னேன். எனக்குப் பின்னால் கல்லூரி விண்ணப்பத்துக்காக என் பழைய மாணவர்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள் என்பது “வணக்கம் ஐயா” என்ற பிறகுதான் தெரிந்தது. கடவுச்சொல்லை அவர் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார். “அடுத்த வருஷம் வந்தா ஈஸியா இருக்கும் சார்.” என் கடவுச்சொல், ஊரில் பாதிப் பேருடைய கடவுச்சொற்களோடு அந்த நோட்டில் பத்திரமாக இருக்கிறது. நான் எழுந்து தாலுகா ஆபீஸுக்கு அலைவதற்குச் சலித்தவன் அல்ல, ஐயா. அங்கே குமாஸ்தா ஒருவருக்குத் தெரிந்தது, இங்கே தெருவுக்கே தெரிகிறது. ‘வீட்டில் இருந்தபடியே’ என்று எழுதியவருக்கு இதைச் சொல்லுங்கள்.

அந்தத் தளத்தின் உச்சியில் ‘ஸ்கிரீன் ரீடர் வசதி’ என்று ஓர் இணைப்பு இருக்கிறது. ஆசையோடு திறந்தேன். ஸ்கிரீன் ரீடர் என்றால் என்ன, எங்கே பதிவிறக்கலாம் என்று ஒரு பட்டியல். அதை எனக்குப் படித்துச் சொன்னதே ஸ்கிரீன் ரீடர்தான்! கதவைப் பூட்டிவிட்டு, செருப்பு எங்கே வாங்கலாம் என்று வாசலில் எழுதி வைத்தது போல. பக்கத்திலேயே எழுத்தைப் பெரிதாக்க ‘ஏ பிளஸ்’ பொத்தான். (குறைபார்வை உள்ள நண்பர்கள் கோபிக்க வேண்டாம், அதை உங்கள் பிரவுசரே செய்கிறது.) முகப்பில் பெரிய படங்கள். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அந்தப் படங்கள் மட்டும் சுணங்காமல் மாறிவிடும். எனக்கு மட்டும் எந்த ஆட்சியிலும் “பேனர் ஒன்று டாட் ஜேபிஜி” என்ற கோப்புப் பெயர்தான் கேட்கிறது.

சட்டம் இல்லையா என்று கேட்க மாட்டீர்கள், உங்களுக்குத் தெரியாததா? அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிமுறை 2009-லேயே வந்தது. 2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 2017 ஜூனில் விதிகள், சேவைகளை நாங்களும் அணுகும்படி மாற்ற, சேவை தருவோருக்கு இரண்டாண்டுக் கெடு. கெடு 2019-ல் முடிந்தது, நாங்கள் இருந்த இடத்திலேயே இருந்தோம். ராஜீவ் ரத்தூரி என்ற பார்வையற்றவர் 2005-ல் போட்ட வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விதிகளில் 15(1)-ஐயே செல்லாது என்றது. சட்டம் ‘கட்டாயம்’ என்கிறது, விதியோ ‘முடிந்தால் செய்யுங்கள்’ என்கிற மாதிரி இருக்கிறது என்பதுதான் காரணம். மூன்று மாதத்தில் கட்டாய விதிகளை வகுக்கவும் சொன்னது. 2025 ஏப்ரல் 30 அன்று இன்னொரு தீர்ப்பு: இணைய வசதியை அணுகுவது, வாழும் உரிமையைச் சொல்லும் 21-ஆம் பிரிவிலேயே அடங்கும் என்று. அமில வீச்சில் கண்கள் சிதைந்த பெண்களிடம், இணையவழி அடையாளச் சரிபார்ப்பில் உயிரோடு இருப்பதைக் காட்டக் கண் சிமிட்டச் சொன்னதுதான் அந்த வழக்கு. நானும் ஒரு வங்கியின் செயலியில் சிமிட்டியிருக்கிறேன். எப்போது சிமிட்ட வேண்டும் என்பது திரையில் எழுதி வருமாம். நானாக ஒரு நிமிடம் சிமிட்டிக்கொண்டே இருந்தேன். “முகம் பொருந்தவில்லை” என்றது.

வங்கி என்றதும் ஞாபகம் வருகிறது. எங்களுக்குக் காசோலைப் புத்தகமும் ஏடிஎம் அட்டையும் மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008-லேயே சுற்றறிக்கை விட்டது. 2011-ல் அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு கிளையில் முக்கால் மணி நேரம் நின்றேன். மேலாளர் படித்துவிட்டு, “உங்க நல்லதுக்குத்தான் சார் சொல்றேன், கூட யாராவது வரட்டுமே” என்றார். பாருங்கள், அப்போதும் ‘யாராவது’தான்.

தமிழாசிரியனாக ஒன்று சொல்லாமல் விட முடியவில்லை. எந்தக் கணினியும் தமிழைத் தமிழாகவே வாசிக்கும் யூனிகோடுதான் இனி அரசின் எழுத்துமுறை என்று 2010-ல் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி அரசாணையே போட்டார்கள். இன்றும் எனக்கு வரும் சுற்றறிக்கைகளில் சில, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் பூட்டும் ‘பாமினி’ என்ற பழைய எழுத்துருவில் அடித்தவை. அதில் ‘தமிழ்’ என்ற சொல்லை என் கணினி எப்படி வாசிக்கும் தெரியுமா? “ஜே கே பி ஓ.” சில அலுவலகங்கள் இன்னும் ஒருபடி மேலே போய், அச்செடுத்து, கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்து படமாக ஏற்றுகிறார்கள். திறந்தால் என்விடிஏ ஒரே சொல்லில் சொல்லிவிடும்: பிளாங்க். ஊனமுற்றோர் என்று சொல்லக் கூடாது, மாற்றுத்திறனாளி என்றுதான் சொல்ல வேண்டும் என்று அறிவிக்கும் சுற்றறிக்கைகூட ஒருமுறை அப்படித்தான் வந்தது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 11.8 லட்சம் மாற்றுத்திறனாளிகள். காது கேளாதவர்களுக்கு எழுத்து ஓடாத காணொளி அறிவிப்பைப் பற்றி நான் எழுதினால் இடம் போதாது, அவர்களே எழுதட்டும்.

இவ்வளவு கோபப்பட்டுவிட்டு நான் கேட்பது இரண்டே இரண்டு. அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள்; ‘யாருடைய உதவியும் இன்றி’ என்ற மூன்று சொற்களை எடுத்தால் போதும், மீதிக் கட்டுரை நன்றாகவே இருந்தது. அடுத்து, உங்கள் மின்பதிப்பில் ஒவ்வொரு பக்கமும் படமாக வருகிறது. என் கணினிக்கு உங்கள் இதழ் 48 பக்கமும் பிளாங்க். எழுத்தாகவும் ஏற்றுங்கள். அதைப் பக்கம் அமைப்பதே யூனிகோடு எழுத்தில்தான் என்று கேள்விப்பட்டேன்.

இந்தக் கடிதத்தை நானேதான் தட்டச்சு செய்தேன். உங்கள் தளத்தில் கடிதம் அனுப்பும் பக்கத்திலும் அந்தக் கோணல் எழுத்துப் படமே நிற்பதால், அச்செடுத்துத் தபாலில் அனுப்புகிறேன். வெளியிடுவதானால் இம்மாதம் 20-க்குள் வெளியிட்டு உதவுங்கள். அதற்கப்புறம் அக்கா மகன் விடுதிக்குத் திரும்பிவிடுவான்; வாசித்துக் காட்ட ஆள் இருக்காது.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியர்,
திண்டுக்கல் மாவட்டம்