கையை அசைத்த வாத்தியார்

சுங்கை சிப்புட், பேராக், மலேசியா.

அன்புள்ள ஆறுமுகத்துக்கு,

வணக்கம். முழங்கால் அறுவைக்குப் பிறகு சுவரைப் பிடிக்காமல் நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று நீ எழுதியிருந்தது மனத்துக்கு நிம்மதியாக இருந்தது. இங்கு அனைவரும் நலம். நம் தோட்டத்தில் ரப்பர்ப் பால்மரம் நின்ற இடமெல்லாம் செம்பனையாகிவிட்டதை நீ அறிவாய். தொழிலாளர் குடியிருந்த லயத்தின் கடைசி வரிசையையும் போன மாதம் இடித்துவிட்டார்கள். படம் காட்டிய திடல் மட்டும் புல் மண்டிக் கிடக்கிறது.

திடலைச் சொல்லக் காரணம் உண்டு. பள்ளி விடுமுறைக்கு வந்த பேரன், 2015இல் வெளிவந்த ‘அப்சலூட்லி எனிதிங்’ என்ற ஆங்கில நகைச்சுவைப் படத்தைப் போட்டு என்னையும் உட்காரவைத்துவிட்டான். டெர்ரி ஜோன்ஸ் இயக்கியது. சைமன் பெக் அதில் லண்டன் பள்ளி ஆசிரியர். வகுப்பும் அடங்காது, தலைமையாசிரியரும் மதிக்கமாட்டார். (என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.) பூமியை அழிப்பதா, விட்டுவைப்பதா என்று முடிவுசெய்ய விரும்பும் வேற்றுக்கிரகத்தார், வாயால் சொல்லிக் கையை அசைத்தால் எதுவும் நடந்துவிடும் ஆற்றலை இவருக்குத் தெரியாமலேயே இவரிடம் கொடுத்துவிட்டு, என்ன செய்கிறார் என்று மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்போது எனக்கு நம் ‘பட்டணத்தில் பூதம்’ நினைவுக்கு வந்தது. 1967ஆம் ஆண்டுப் படமானாலும் நம் திடலுக்கு வந்து சேர்ந்தது எவ்வளவோ காலம் கழித்து. வெள்ளைத் துணியில் ஜாவர் சீதாராமன் பூதமாக எழுந்து நின்றதும் நீ என் சட்டையைப் பிடித்துக்கொண்டாய். மறுநாள் பால்வாளியைத் தேய்த்து “ஜீபூம்பா” என்று கூவி உன் அம்மாவிடம் அடியும் வாங்கினாய். அந்தப் பூதத்துக்குச் சொந்தமாகக் கொஞ்சம் அறிவு இருந்தது. இந்த ஆசிரியரிடம் இருப்பதோ வெறும் ஆற்றல். அவர் மனத்தில் என்ன நினைத்தார் என்பது அதற்குத் தெரியாது, வாயில் வந்த சொல் மட்டுமே தெரியும். படத்தின் சிரிப்பு முழுவதும் இந்த இடைவெளியிலிருந்துதான் பிறக்கிறது.

எரிச்சலில் தம் வகுப்பு வெடித்துப்போகட்டும் என்று அவர் வாய்விட, அது அப்படியே வெடித்துவிடுகிறது. பதறிப்போய், இறந்தவர்கள் எல்லாரும் உயிரோடு வரட்டும் என்கிறார். அவர் நினைத்தது தம் மாணவர்களை; எழுந்து வருவதோ உலகத்துக் கல்லறைகளில் கிடந்தவர்கள் அத்தனை பேரும். முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் கட்டுரை திருத்தியவன் நான். ‘அந்த’ என்று ஒரு சுட்டைச் சேர்த்திருந்தால் தப்பித்திருப்பாரே என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன். பேரன் படத்தைவிட அதற்குத்தான் அதிகம் சிரித்தான்.

பக்கத்து வீட்டுப் பெண்ணோடு வரும் காதல் பகுதி சவசவ என்று இழுக்கிறது. அந்த நேரத்தில் நீ தேநீர் போட எழுந்து போகலாம். ஆனால் நாயை விட்டுவிடாதே. அவருடைய நாய்க்குப் பேச்சு வருகிறது. குரல் நடிகர் ராபின் வில்லியம்ஸுடையது. 2014இல் அவர் மறைந்த பிறகே படம் வெளியானது என்பது தெரிந்தபின், அந்த நாய் பிஸ்கட்டுக்காக மன்றாடும்போது எனக்குச் சிரிப்பும் தொண்டை அடைப்பும் சேர்ந்தே வந்தன.

படம் முடிந்தும் தூக்கம் வரவில்லை. ‘எனக்கு மந்திரசக்தி கிடைத்தால்’ என்று ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒருமுறை கட்டுரை கொடுத்திருந்தேன். பலரும் விமானம், மாளிகை என்று எழுதினார்கள். பால் வெட்டப் போகும் ஒரு தாயின் மகன், தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு மழை பெய்யச் செய்வேன், அம்மா தூங்கட்டும் என்று எழுதியிருந்தான். அந்த வரியை அவனே அடித்துவிட்டு, மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் சம்பளம் இல்லை, ஆகையால் மழை வேண்டாம் என்று கீழே சேர்த்திருந்தான். அதற்கும் கீழே இன்னொரு வரி, அதையும் அடித்திருந்தான். பக்கம் முடியும்வரை மந்திரசக்தியை அவன் பயன்படுத்தவே இல்லை. நான் பத்துக்கு ஏழு போட்டேன். அடித்தல் திருத்தலுக்கு மூன்று குறைத்தேன்.

படத்தைப் பார்த்துவிட்டு எழுது. அடுத்த மாதம் ஈப்போவுக்கு மருத்துவரைப் பார்க்க வரும்போது இங்கேயும் ஓர் இரவு தங்கிப் போ. படுக்கையைக் கீழேயே போட்டுவைக்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்
மாணிக்கம்