இக்னாசியோ அக்ரமோந்தே வாழ்க்கைப் பலகைகள்: பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கியூபாவின் முதல் விடுதலைப் போரில் நின்ற இக்னாசியோ அக்ரமோந்தேயின் வாழ்க்கையை நம் வாசகசாலைச் சுவரில் படமும் எழுத்துமாக அமைக்கும் பணியை எங்களிடம் ஒப்படைத்திருந்தீர்கள். பணி முடிந்து, ஏழு பலகைகளும் மாட்டப்பட்டுவிட்டன. வரவு செலவுக் கணக்கு அலுவலக மேசையில் இருக்கிறது. யாரும் எடுத்துப் பார்க்கலாம். எதற்கு எவ்வளவு இடம் கொடுத்தோம், ஏன் கொடுத்தோம் என்பதையே இங்கு சொல்கிறோம்.

1841இல் பிறப்பு, ஹவானாவில் சட்டப் படிப்பு, 1868 ஆகஸ்டில் அமாலியா சிமோனியுடன் திருமணம், அதே நவம்பரில் போர்க்களம். இவை முதல் பலகையிலேயே அடங்கிவிட்டன.

போர்க்காட்சியைப் பெரிதாக வைக்கும்படி உங்களில் பலர் கேட்டீர்கள். குழு நீண்ட நேரம் பேசி, பெரிய பலகையைக் குவாய்மரோ என்ற ஊருக்கே கொடுத்தது. 1869 ஏப்ரலில் அங்கே கூடிய விடுதலைப் போராளிகளின் பேரவைக்கு அந்தோனியோ சாம்பிரானாவுடன் சேர்ந்து அரசமைப்பை எழுதியபோது அக்ரமோந்தேவுக்கு வயது 27. குடியரசின் குடிகள் அனைவரும் முழு விடுதலை பெற்றவர்கள் என்கிறது அதன் 24ஆம் விதி. அடிமைகளின் உழைப்பில் கரும்புத் தோட்டங்கள் நடந்த நாட்டில் எழுதப்பட்ட வரி அது; ஸ்பானிய ஆட்சி அடிமைமுறையைக் கைவிட 1886 வரை ஆனது. குடியரசுத் தலைவரையும் தலைமைத் தளபதியையும் நியமிக்கும் உரிமையைப் பேரவையிடமே வைத்தார்கள். போர் நடக்கும்போது தளபதியின் கையைக் கட்டலாமா என்ற வாதம் இன்றும் உண்டு. ஆனால் வாளேந்தியவன் சட்டத்துக்குக் கீழே நிற்க வேண்டும் என்று எழுதியவரே பிறகு வாளேந்தினார். அவரை நாம் நினைவில் வைப்பது அதற்காகவே என்று குழு கருதுகிறது.

மீட்புக் காட்சி அதற்கு அடுத்த பலகை. 1871 அக்டோபர் 8 அன்று எதிரியிடம் சிக்கிய பிரிகேடியர் ஹூலியோ சங்கீலியை மீட்க, 35 குதிரை வீரர்களுடன் தம்மைவிடப் பெரிய ஸ்பானியப் படைமீது பாய்ந்து, அவரை உயிருடன் கொண்டுவந்தார். ‘சங்கிலி’ என்று எழுதினால் இரும்புச் சங்கிலி என்றே படிப்பார்கள் என்பதால் நெடில் போட்டிருக்கிறோம்.

அமாலியாவுக்குத் தனிப் பலகை வேண்டும் என்று மகளிர் உறுப்பினர்கள் வற்புறுத்தியது சரியே. 1870இல் கைக்குழந்தையோடு பிடிபட்டபோது, கணவரைச் சரணடையச் சொல்லிக் கடிதம் எழுதுமாறு ஸ்பானியத் தளபதி கேட்டார். அதற்கு முன் என் கையை வெட்ட வேண்டியிருக்கும் என்று அவர் மறுத்ததாகச் சொல்லப்படுகிறது. பிறகு அமாலியா நாடுகடந்து வாழ்ந்தபோது பிறந்த மகளை அக்ரமோந்தே பார்க்கவே இல்லை.

கடைசிப் பலகையை எழுதத்தான் எங்களுக்குக் கை நடுங்கியது. 1873 மே 11 அன்று ஹிமாகுவாயூ புல்வெளியில் குண்டடிபட்டு இறந்தார், வயது 31. உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோன ஸ்பானியப் படை அதை எரித்துவிட்டது. குழந்தைகள் படிக்கும் சுவராயிற்றே என்று தயங்கி, பிறகு ஒருமனதாக வைத்தோம். அதன் கீழேயே 1912இல் அதே ஊரில் அவருடைய குதிரைவீரர் சிலையை அமாலியா திறந்துவைத்த செய்தியும் இருக்கிறது.

ஒரு திருத்தம்: அக்ரமோந்தேயின் சொந்த ஊரான புவேர்த்தோ பிரின்சிபே என்பது கமகுவே நகரின் பழைய பெயர். முதல் பலகையில் ஒன்றும் கடைசிப் பலகையில் மற்றொன்றுமாக வந்ததால் இரண்டு ஊர்கள் என்று சிலர் எண்ணிவிட்டார்கள். இப்போது இரண்டு இடத்திலும் இரு பெயர்களையும் சேர்த்து எழுதிவிட்டோம்.

பணிக்குழு