ஏற்றுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் எழுத்தில் மறுத்துவிடுங்கள்

தமிழகப் போக்குவரத்துத் துறை உயர் அதிகாரிகளுக்கு, மதுரை ஒத்தக்கடையிலிருந்து ஒரு திறந்த மடல்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர், வணக்கம்.

போன வாரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் ஒன்றில் என் கோப்பை மறுபடியும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். புரோக்கர் யாரும் இல்லாமல், சொந்தக்காரரிடமே நேரடியாக வாங்கிய பழைய வேகன் ஆர் காருக்குப் பெயர் மாற்றம் கேட்டு நான் கொடுத்த கோப்பு அது. படிவம் 29, படிவம் 30, அசல் ஆர்.சி. புத்தகம், நடப்பில் உள்ள இன்சூரன்ஸ், புகைச் சான்று, சேஸிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்த தாள், ஆன்லைனில் பணம் கட்டிய ரசீது எல்லாம் அதில் இருந்தன. வண்டியின் மேல் கடன் பாக்கி கிடையாது. இல்லாதது ஆதார் அட்டை மட்டும்தான்.

நான் மலேசியக் குடியுரிமை உள்ளவள். ஒத்தக்கடைக்கு மருமகளாக வந்து வருடக்கணக்காகிறது. விசா நடப்பில் இருக்கிறது. காவல்துறை வழியாகப் பெற்ற தங்கும் அனுமதியில் என் முகவரி கதவு எண் வரைக்கும் தெளிவாக இருக்கிறது. ஆதாருக்கும் மனு கொடுத்திருக்கிறேன், அது வரும்போது வரட்டும். என்னைப் போன்றவர்களுக்குத் தருகிற ஆதாரும் விசா முடிகிற தேதி வரைதான் செல்லும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

கவுன்ட்டரில் இருந்தவர் மரியாதைக் குறைவாக நடக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். என் பாஸ்போர்ட்டை வாங்கி நேராகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். இந்தியப் பாஸ்போர்ட்டில் முகவரியை அங்கேதான் பார்த்துப் பழக்கம். மலேசியப் பாஸ்போர்ட்டில் முகவரியே அச்சாவதில்லை. முன்னும் பின்னுமாகத் தேடிவிட்டு, "அட்ரஸே இல்லையேம்மா" என்றார். தங்கும் அனுமதியை எடுத்து நீட்டினேன். "இது போலீஸ் பேப்பர், நம்ம சிஸ்டத்துல இதுக்கு இடம் கிடையாது." நோட்டரி கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரத்தைக் காட்டினேன். "தாசில்தார்கிட்ட இருப்பிடச் சான்று வாங்கிட்டு வாங்க."

சரி என்று இ-சேவை மையத்துக்குப் போனேன். இருப்பிடச் சான்றுக்கு மனு போட முதலில் கேன் எண் (இ-சேவையில் மனுதாரர் ஒவ்வொருவருக்கும் தருகிற பதிவு எண்) வேண்டுமாம், கேன் எண்ணுக்கு ஆதார் வேண்டுமாம். கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்தால், வெளிநாட்டுக்காரர்களுக்கு நான் எப்படிச் சான்று தர முடியும் என்று கேட்கிறார். ஆதார் இல்லை என்பதால் கேட்கப்பட்ட சான்றுக்கே ஆதார் வேண்டும் என்றால் நான் எங்கே போவது?

அதிகாரிகளே, சட்டம் என்னைத் தடுக்கவில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவு, விற்றவர் 14 நாளில் தகவல் தர வேண்டும், வாங்கியவர் 30 நாளில் தெரிவிக்க வேண்டும் என்கிறது. வாங்குகிறவர் எந்த நாட்டுக் குடிமகன் என்று அது கேட்கவில்லை. 1989-ஆம் ஆண்டு மத்திய விதிகளில் முகவரிச் சான்று பற்றிப் பேசும் 4-ஆவது விதியைப் பாருங்கள். பட்டியலில் உள்ள ஆவணங்களைத் தர முடியாதவருக்குத் தகுந்த காரணம் இருந்தால், நோட்டரி முன் உறுதியெடுத்த பிரமாணப் பத்திரத்தை ஏற்கலாம் என்று அதிலேயே இருக்கிறது. 2022 செப்டம்பரில் மத்திய அரசு 58 சேவைகளை ஆதார் வழியாக ஆன்லைனுக்குக் கொண்டுவந்தபோதும், ஆதார் இல்லாதவர்கள் வேறு ஆவணத்தைக் காட்டி நேரில் அந்தச் சேவையைப் பெறலாம் என்றுதான் சொன்னது. நான் நேரில்தான் வந்தேன், வேறு ஆவணத்தோடுதான் வந்தேன்.

இன்னொன்று. என்னிடம் இந்திய ஓட்டுநர் உரிமம் இருக்கிறது. கொடுத்தது உங்கள் துறை. இதே பாஸ்போர்ட், இதே தங்கும் அனுமதி, இதே மாதிரி ஒரு பிரமாணப் பத்திரம், இவற்றை வைத்துத்தான் கொடுத்தீர்கள். உரிமத்தில் என் ஒத்தக்கடை முகவரி அச்சாகி இருக்கிறது. மதுரை ரோட்டில் கார் ஓட்ட நான் இங்கே குடியிருப்பவள், அந்தக் காரை என் பெயரில் வைத்துக்கொள்ள மட்டும் முகவரி இல்லாதவள் ஆகிவிடுகிறேனா?

என் கஷ்டத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். விற்றவரின் நிலைமைதான் என்னை உறுத்துகிறது.

அவர் திருநகர்ப் பக்கம் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். கண்பார்வை மங்கி வருவதால் இனி ஓட்ட வேண்டாம் என்று பிள்ளைகள் சொல்லி, விற்க முடிவெடுத்தார். வண்டியை அவர் வைத்திருந்த விதத்தை நீங்கள் பார்க்க வேண்டும். ஆயில் மாற்றிய தேதி, அப்போது ஓடியிருந்த கிலோமீட்டர், டயர் மாற்றிய கடை, பேட்டரி வாங்கிய பில் என்று எல்லாவற்றையும் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் நீல மையில் எழுதி வைத்திருந்தார். வண்டியின் இரண்டு சாவிகளோடு அந்த நோட்டையும் என் கையில் கொடுத்தார். பின்பக்கக் கதவு கொஞ்சம் இறுகியிருக்கிறது, பழகிக்கொள்ளுங்கள் என்று அதையும் மறைக்காமல் சொன்னார். பழைய வண்டி வாங்குவதில் இப்படி ஒருவர் அமைவது பெரிய பாக்கியம்.

அப்படிப்பட்டவர் இப்போது பயந்துபோய் இருக்கிறார். பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், வண்டியை விற்றுக் கைமாற்றியிருந்தாலும் விபத்துக்கு இழப்பீடு தரும் பொறுப்பு அவருக்கே என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. இதை யாரோ அவருக்கு விளக்கிச் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் சரியில்லை. நான் கப்பலூர் டோலைத் தாண்டினால் அவர் செல்போனுக்குக் குறுஞ்செய்தி போகிறது. உடனே கூப்பிட்டு, "எங்கம்மா போறீங்க, பார்த்துப் போங்க" என்பார். என்னைக் கண்காணிப்பதற்காக இல்லை, மனசு கேட்காமல்தான் கூப்பிடுகிறார் என்று எனக்குத் தெரியும். அதனாலேயே இப்போது வண்டியை வெளியே எடுப்பதில்லை. தார்ப்பாய் போட்டு மூடி நிறுத்தியிருக்கிறேன். இன்சூரன்ஸைப் பெயர் மாற்றக் கேட்டாலும் புது ஆர்.சி. கொண்டுவாருங்கள் என்கிறார்கள்.

இரண்டு நாள் முன்பு பஸ் ஏறி வீட்டுக்கே வந்துவிட்டார். தண்ணீர் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "தப்பா நினைக்காதீங்கம்மா. பணத்தைத் திருப்பித் தந்துடுறேன். வண்டியைக் கொண்டுவந்து விட்டுருங்க" என்றார். நியாயமான விலைக்கு விற்றவரும், பேசிய பணத்தை முழுசாக வங்கி மூலம் செலுத்தியவளும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கச் சங்கடப்பட்டோம். இதை ஏற்படுத்தியது உங்கள் கவுன்ட்டர். 30 நாள் கெடு தாண்டியும்விட்டது. இனி தாமதத்துக்கு அபராதம் வேறு கட்டச் சொல்வீர்கள். கோப்பைத் திருப்பிக் கொடுத்த தேதிகள் எந்தப் பதிவேட்டிலும் இல்லாததால், தாமதம் என்னால் வந்ததில்லை என்று காட்ட என்னிடம் ஒரு துண்டுத் தாள்கூடக் கிடையாது.

இதற்கு அலுவலகத்திலும் வாசலிலும் எனக்குச் சொல்லப்பட்ட தீர்வு ஒன்றுதான்: "உங்க வீட்டுக்காரர் பேர்ல போட்டுடுங்க." கவுன்ட்டரில் இருந்தவர் சொன்னார். வெளியே ஜெராக்ஸ் கடையில் சொன்னார்கள். ஏஜென்ட் ஒருவர், அதற்கு எவ்வளவு ஆகும் என்றும் சேர்த்தே சொன்னார். என் கணவருக்கு ஆட்சேபனை இல்லை. எனக்கு இருக்கிறது. கோலாலம்பூரில் நான் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய வண்டி இது. அது என் பெயரில் இருக்க வேண்டும் என்று நான் நினைப்பதில் என்ன தவறு? கணவர் இல்லாத பெண்ணாக இருந்தால் யார் பெயரில் போடச் சொல்வீர்கள்? இந்த ஆலோசனையைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

இது என் ஒருத்தியின் பிரச்சினை என்று ஒதுக்கிவிடாதீர்கள். மதுரை மாவட்டத்திலேயே ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் என்று இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. அகதிகள் முகாம் என்ற பெயரை 2021-இல் மாற்றியது இந்த மாநில அரசுதான். எங்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்த முகாம்காரர் ஒருவர், தன் பைக் இன்னும் பழைய முதலாளி பெயரில்தான் ஓடுகிறது என்றார். மேஸ்திரி பெயரிலும் தெரிந்தவர் பெயரிலும் வண்டியை விட்டுவைத்து ஓட்டுகிறவர்கள் தங்கள் பக்கம் நிறைய என்றார். பெயரை மாற்றிய அரசின் கவுன்ட்டரில் இவர்களுக்கு என்ன பதில் கிடைக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். இங்கேயே பிறந்து இங்கேயே வேலை செய்து, இந்த ஊர் வீடுகளுக்கெல்லாம் பெயின்ட் அடிக்கிற பிள்ளைகள் அவர்கள்.

வண்டி யார் கையில் இருக்கிறது என்று அரசுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தானே பதிவே இருக்கிறது? நான் என் பெயரையும் முகவரியையும் கொடுக்க நிற்கிறேன், நீங்கள் வாங்க மறுக்கிறீர்கள். நாளைக்கு ஒரு விபத்து நடந்தால் போலீஸ் போய் நிற்கப்போவது திருநகரில், அந்த ஆசிரியர் வீட்டு வாசலில்.

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது சலுகை இல்லை. பாஸ்போர்ட், விசா, தங்கும் அனுமதி, பிரமாணப் பத்திரம் ஆகியவற்றோடு வருகிறவரின் கோப்பை ஏற்கச் சொல்லி எல்லா வட்டார அலுவலகங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். என்னென்ன ஆவணம் போதும் என்பதை அலுவலக வாசலில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். ஏற்க முடியாது என்றால் அதையாவது எழுத்தில் தாருங்கள். பதிவு அதிகாரியின் உத்தரவை எதிர்த்து 30 நாளில் மேல்முறையீடு செய்யலாம் என்று 57-ஆவது பிரிவு சொல்கிறது. வாயால் சொன்ன "ஆகாது" என்பதை வைத்துக்கொண்டு நான் எங்கே மேல்முறையீடு செய்வேன்?

வரும் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் இதே மனுவைக் கொடுக்கிறேன். மறுநாள் காலை அதே கோப்போடு அதே கவுன்ட்டருக்கு வருவேன். விற்றவரும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து கோப்பை வாங்கிக்கொண்டு ஒப்புகைச் சீட்டு கொடுங்கள். வாங்க முடியாது என்றால், எந்த விதியின்படி முடியாது என்று ஒரு தாளில் எழுதி, கையெழுத்தும் அலுவலக முத்திரையும் வைத்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
மலேசியக் குடியுரிமை கொண்ட
ஒத்தக்கடைவாசி ஒருத்தி