கவிதைத் தட்டில் மாட்டிக்கொண்ட கதைகள்: நூல் தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நூல் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். ஒரு கவிஞர் எழுதிய இரண்டு சிறுகதைத் தொகுப்புகளை நூலகங்களுக்கு வாங்கக் கேட்டு எங்கள் வாசகர் வட்டம் அனுப்பிய மூன்று விண்ணப்பங்கள் உங்கள் கோப்பில் இருக்கின்றன. ஆகவே முன்கதையைத் திரும்பச் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. மூன்றாவதற்கு ஒன்றரை வரியில் பதில் வந்தது. பரிசீலித்தீர்களாம், நூல்கள் தேர்வாகவில்லையாம். காரணம் கேட்டுத் தொலைபேசியில் அழைத்தேன். எடுத்தவர் பொறுமையாகத்தான் பேசினார். "அவங்க கவிஞர்தானம்மா? கவிதை புக்குதான் ஏற்கெனவே வாங்கியாச்சே. கதைன்னு குடுத்திருக்கீங்க, படிச்சுப் பாத்தேன். அதுல கன்னியாகுமரி எங்க இருக்கு? கடலும் இல்ல, வயலும் இல்ல."

சத்தம் போட்டிருந்தால்கூட மறந்திருப்பேன். சொந்தக்காரப் பிள்ளைக்குப் புத்தி சொல்வதுபோல அவர் சொன்னதுதான் எனக்கு இன்னும் வெப்ராளமாக இருக்கிறது.

நாங்கள் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். அந்தக் கவிஞர் எழுதிய இரண்டு சிறுகதைத் தொகுப்புகளையும் நம் மாவட்டத்துக் கிளை நூலகங்களுக்கு வாங்குங்கள். வாங்கியதைச் சிறுகதைத் தட்டில் வையுங்கள். கவிஞரின் பெயரை இங்கே எழுதவில்லை. "எனக்காகச் சண்டை போடுறது மாதிரி ஆயிரும், வேண்டாம் டீச்சர்" என்று சொல்லிவிட்டார். உங்களுக்குப் பெயர் தெரியும்.

தட்டைப் பற்றி ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு பிள்ளையின் கதை இருக்கிறது.

நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறாள். தக்கலைப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். பத்தாம் வகுப்பில் என்னிடம் டியூஷன் படித்தவள் என்பதால் எங்கள் வட்டத்தின் சுற்றுப் படி அவள் கைக்கும் போனது. சுற்றுப் படி என்றால் வேறொன்றுமில்லை, இரண்டாவது தொகுப்பை நாங்கள் காசு பிரித்து ஒன்று வாங்கினோம். ஜவுளிக்கடைப் பையில் போட்டு ஆள் மாற்றி ஆள் கொடுக்கிறோம். யாரிடம் இருக்கிறது, எப்போது வரும் என்பதற்கு ஒரு பள்ளிக்கூட நோட்டு. ஏழாவது பெயர் அவளுடையது.

அந்தத் தொகுப்பில் ஒரு கதை, நின்றுகொண்டே வேலை பார்க்கும் கடைப் பெண்ணைப் பற்றியது. பணியாளர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் திருத்தம் வந்ததே, அதற்குப் பிறகு நடக்கிற கதை. கதையில் கடைக்கு ஸ்டூல் வந்துவிடுகிறது. வந்த மறுநாளே அதன்மேல் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கிவிடுகிறார் சூப்பர்வைசர். யாரும் உட்காரக் கூடாது என்று அவர் சொல்லவே இல்லை. அந்தப் பெண்ணும் கேட்கவில்லை. ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் நாற்பது சேலை விரித்துப் பார்த்து ஒன்றும் எடுக்காமல் போகிறார்கள். அவள் நாற்பதையும் மடிக்கிறாள். கடைசிச் சேலையை வைக்க இடமில்லாமல் பெட்டிகளை இறக்கி ஸ்டூல்மேல் வைக்கிறாள். கதை அங்கே முடிந்துவிடுகிறது. அழவும் இல்லை, போராடவும் இல்லை.

எங்கள் பிள்ளை அதைப் படித்துவிட்டு ராத்திரி பதினொன்றரைக்கு எனக்கு போன் செய்தாள். "டீச்சர், அந்த அக்கா எங்க கடையில வேலை பாத்திருக்காங்களா?" இல்லை என்றேன். நம்பவில்லை. "பெட்டி அடுக்குறது வரைக்கும் எப்பிடித் தெரியும்?" இவங்க வேற கதை எழுதியிருக்காங்களா என்று கேட்டாள். முதல் தொகுப்பு இருக்கிறது, நம் நூலகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்திருக்கிறோம், போய் எடுத்துக்கொள் என்றேன்.

முதல் தடவை போனாள். அவளுக்கு வார விடுமுறை முறை வைத்துத்தான் வரும், அந்த வாரம் வெள்ளிக்கிழமை வாய்த்தது. நூலகத்துக்கும் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். இரண்டாவது தடவை, கடையில் அரைமணி நேரம் அனுமதி கேட்டு ஓடினாள். எட்டு மணி ஆக ஐந்து நிமிடம்தான் இருந்தது. உள்ளே விளக்கை அணைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது தடவை ஒரு செவ்வாய்க்கிழமை, காலையிலேயே போய்விட்டாள். பதிவேட்டில் புத்தகம் இருக்கிறது. கதைத் தட்டில் இல்லை. நூலகரும் கூட நின்று தேடினார். நல்ல மனிதர், தனி ஆளாக எல்லா வேலையும் பார்க்கிறவர், அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. யாரோ எடுத்துப் போய்விட்டார்கள் போல என்று முடிவாயிற்று. ஒருநாள் விடுமுறையும் இரண்டு பஸ் டிக்கெட்டும் போன பிள்ளை என்னிடம், "பரவால்ல டீச்சர், அடுத்த லீவுல பாக்கலாம்" என்றாள்.

பதினோரு நாள் கழித்து அந்தப் புத்தகம் என் கண்ணில் பட்டது. நான் கவிமணியைத் தேடப் போயிருந்தேன். கவிதைத் தட்டில் அதே கவிஞரின் கவிதை நூல் நான்கு படிகள் வரிசையாக நிற்க, ஐந்தாவதாக இதுவும் ஒட்டி நின்றது. முதுகில் கவிதைக்குரிய பகுப்பு எண் சீட்டை ஒட்டியிருக்கிறார்கள். அட்டையில் ‘சிறுகதைகள்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. கவிஞர் என்றால் கவிதைதானே எழுதியிருப்பார்!

ஐயா, அம்மா, உங்களைக் கேட்கிறேன். கவிமணி தேரூர்க்காரர். சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் மருமக்கள்வழிக் குடும்பத்துச் சண்டையை, ஐந்தாவதாக வாழ்க்கைப்பட்டுப் போனவளின் வாயால் முழுநீளக் கதையாகவே சொன்னார், பாட்டில். அதை எந்தத் தட்டில் வைப்பீர்கள்? இதே நாகர்கோவிலில் ஜவுளி வியாபாரம் பார்த்துக்கொண்டே எழுதிய சுந்தர ராமசாமி, கவிதைக்குப் பசுவய்யா என்று வேறு பெயர் வைத்துக்கொண்டார். திருநெல்வேலியில் கல்யாண்ஜி கவிதை எழுதுகிறார், அவரே வண்ணதாசனாகக் கதை எழுதி 2016இல் சாகித்திய அகாதெமி பரிசும் வாங்கினார். இரண்டு பெயர் வைத்துக்கொண்டவர்கள் பிழைத்தார்கள். ஒரே பெயரில் இரண்டையும் எழுதியதுதான் எங்கள் கவிஞர் செய்த பிழை என்றால் சொல்லிவிடுங்கள், அடுத்த பதிப்புக்குள் ஒரு புனைபெயர் பார்த்து வைக்கச் சொல்கிறேன்.

இனி, ‘கன்னியாகுமரி எங்கே?’ என்ற கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் மாவட்டத்தில் நூற்றுக்கு எண்பத்திரண்டு பேர் நகர்ப்புறவாசிகள். மாநிலத்தில் இதைவிட அதிகம் சென்னையில்தான். பேரூராட்சிகள் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் வந்த கணக்கு அது என்பது எனக்கும் தெரியும். ஆனால் களியக்காவிளையிலிருந்து ஆரல்வாய்மொழி வரை பஸ்ஸில் ஒருமுறை வந்து பாருங்கள். எந்த இடத்தில் ஊர் முடிந்து டவுன் தொடங்கிற்று என்று யாராலும் விரல் வைத்துச் சொல்ல முடியாது. வீடு, கடை, வீடு, கோயில், சர்ச், மறுபடி கடை. இங்கே வாழ்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் காலையில் எழுந்து வலை வீசவும் இல்லை, நாற்று நடவும் இல்லை. பஸ் பிடிக்கிறார்கள்.

கவிஞர் அவர்களைத்தான் எழுதியிருக்கிறார். பார்வதிபுரத்தில் மேலே பாலம் வந்தபிறகு கீழே வெயிலும் ஆளும் போய்விட்ட ஒரு டீக்கடை. வாடகைக்கு வீடு பார்க்கப் போகும் தம்பதியிடம் எத்தனை பேர், என்ன வேலை என்று கேட்பதற்கு முன்னால் "நீங்க என்ன ஆளுக?" என்று கேட்கும் வீட்டுக்காரம்மா. வளைகுடாவில் நர்ஸாக இருக்கும் மகளோடு வீடியோவில் பேசும்போது மட்டும் நல்ல சேலை உடுத்தும் தாய். வடசேரி பேருந்து நிலையத்தில் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு, விடியும்வரை பூக்காரியிடம் கதை பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கணக்குப்பிள்ளை. இதிலெல்லாம் கன்னியாகுமரி இல்லையென்றால் நான் ஐம்பத்தாறு வருடமாக எங்கே குடியிருக்கிறேன் என்று தயவுசெய்து தெரிவிக்கவும். அடுத்த தொகுப்பில் கதைக்கு ஒரு படகு வீதம் சேர்க்கச் சொல்லலாம். பக்கத்துக்குப் பக்கம் திருவள்ளுவர் சிலை தெரியும்படி அச்சிட்டால் இன்னும் விசேஷம்.

மன்னிக்கவும். கை வழுக்கிவிட்டது.

கடலையும் வயலையும் எழுதியவர்கள்மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. தோப்பில் முகமது மீரானைப் படித்துத்தான் எனக்குத் தேங்காய்ப்பட்டணம் தெரியும். நாஞ்சில் நாடனைப் படித்துத்தான் எங்கள் வீட்டுச் சமையலின் பாதிப் பெயர்கள் திரும்ப நாக்குக்கு வந்தன. ஆனால் இந்த நகரத்து முச்சந்தியில் நின்ற ஒரு புளியமரத்தைச் சுற்றிச் சுந்தர ராமசாமியின் நாவல் 1966லேயே வந்துவிட்டது. கடைகள், நகராட்சித் தேர்தல், வியாபாரப் போட்டி எல்லாம் அதில் உண்டு. டவுன் கதை இந்த மண்ணுக்குப் புதிது ஒன்றும் அல்ல.

கவிஞரின் கதைகளில் குறையே இல்லை என்றும் சொல்லமாட்டேன். முதல் தொகுப்பில் இரண்டு கதைகளில் உவமை மிஞ்சிப்போயிருக்கிறது, வீட்டு வாசலைக்கூடச் சும்மா விடவில்லை. அதை அவர் முகத்துக்கு நேரே சொன்னேன், சிரித்துக்கொண்டார். இரண்டாவது தொகுப்பில் அந்தப் பழக்கம் அநேகமாக விட்டுவிட்டது. மிச்சமிருப்பது கவிஞருக்கே உரிய கை. எந்தச் சொல்லோடு நிறுத்த வேண்டும் என்று தெரிந்த கை. ஸ்டூல் கதை அந்த இடத்தில் நின்றதற்கு அதுதான் காரணம். கவிதை எழுதத் தெரிந்ததை ஒருவருடைய குற்றமாக எண்ணிப் புத்தகத்தைத் திருப்பி அனுப்பாதீர்கள் என்றுதான் மறுபடியும் கேட்கிறோம். இரண்டையும் வாங்குங்கள், சிறுகதைத் தட்டில் வையுங்கள்.

காசு இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரி என்று நாங்கள் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். நான் அதற்கு மேல் ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புரவலரும் ஆனேன். போட்டித் தேர்வுக் கையேடுகள் அலமாரி அலமாரியாக வந்து இறங்குகின்றன. வேண்டாம் என்று சொல்லவில்லை, பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். ஆனால் போன வருடத்துப் பாடத்திட்டத்துக் கையேடு எட்டுப் படி இருக்கிறது, ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு இடம் இல்லை. இருக்கிற மூன்று மின்விசிறிகளில் சுற்றுகிற ஒன்றின் கீழே, செய்தித்தாள் படிக்கும் பெரியவர்கள் காலை எட்டுக்கே வந்து இடம் பிடிக்கிறார்கள். பெண்களுக்குக் கழிப்பறை கேட்டு எழுதிய மனுவுக்கு உங்களைப்போல ஒன்றரை வரிகூட யாரும் எழுதவில்லை. அந்த வகையில் உங்களுக்கு நன்றி சொல்லவேண்டும். இதையெல்லாம் சொல்வதற்காக இந்த மடலைத் தொடங்கவில்லை. ஒன்றை இழுத்தால் மற்றதும் கூடவே வருகிறது.

ஆகஸ்ட் 12 நூலகர் நாளன்று, இந்திய நூலகவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் படத்துக்கு மாலை போடுகிறோம். தோவாளைப் பூ, வட்டத்தின் செலவு. அந்தச் சீர்காழிக்காரர் 1931இல் எழுதிய நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. ஒரு கடைப் பெண்ணின் மூன்றாவது வருகையை ஒரு தவறான சீட்டு தின்றுவிட்டது என்று அவர் படத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கிளை நூலகத்தில் சீட்டை மாற்றிக்கொள்ள நாங்களே பசையும் காகிதமும் கொண்டுவருகிறோம் என்றோம். மேலிடத்து உத்தரவு வேண்டும் என்கிறார் நூலகர். அந்த உத்தரவையும் நீங்களே கேட்டு வாங்கித்தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். இரண்டு வரி போதும். ஒன்றரை வரி என்றாலும் சரி.

அடுத்த தேர்வுக் கூட்டத்தில் எங்கள் கவிஞரின் இரண்டு சிறுகதைத் தொகுப்புகளையும் மறுபடி எடுத்துப் பாருங்கள். தேர்வாகவில்லை என்றால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். கடல், வயல் தவிர வேறு காரணமாக இருந்தால் நல்லது.

தங்கள் உண்மையுள்ள,
வாசகர் வட்டச் செயலாளர்
நாகர்கோவில்

பின்குறிப்பு: கவிதைத் தட்டில் கிடைத்த புத்தகத்தை அந்தப் பிள்ளைக்கு என் அட்டையில் எடுத்துக் கொடுத்துவிட்டேன், படித்துக்கொண்டிருக்கிறாள். இரண்டாவது தொகுப்பின் சுற்றுப் படி இப்போது பதினேழாவது ஆளிடம் இருக்கிறது. உங்களில் யாராவது பதினெட்டாவதாகப் பெயர் சேர்க்க விரும்பினால் பதினைந்து நாள் தருவோம். ஏற்கெனவே ஒருமுறை வடசேரியில் மழையில் நனைந்து நாற்பதாம் பக்கத்துக்கு மேல் ஓரம் சுருண்டிருக்கிறது. தயவுசெய்து பையில் போட்டே வைத்திருக்கவும்.