பழைய மென்பொருளில் எழுத்து பெட்டிக்குள் அடங்கவில்லையா?

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

புது லெப்டொப் வாங்கிச் சென்றவர்களில் சிலர் "ஸ்கிரீன் பழுது" என்று திரும்ப வருகிறீர்கள். மற்றதெல்லாம் சரியாகத் தெரிகிறது. தோட்டத்து செக்ரோல் (தொழிலாளர் சம்பளக் கணக்கு), கடை பில் போன்ற பழைய மென்பொருளைத் திறந்தால் மட்டும் எழுத்து பெருத்து, தொகையின் கடைசி இலக்கங்கள் மறைந்துவிடுகின்றன. ஸ்கிரீனில் ஒரு குறையும் இல்லை. மஸ்கெலியாவிலிருந்து ஹட்டன் கடைக்கு பஸ் ஏறுமுன் இதைப் படித்துவிடுங்கள்.

பழைய 15.6 அங்குல லெப்டொப் பலவற்றில் குறுக்கே 1366 புள்ளிகள் (பிக்சல்)தான். அதே அளவு புது லெப்டொப்பின் 4கே திரையில் 3840. புள்ளி அவ்வளவு சிறுத்துவிடுவதால் விண்டோஸ் எல்லாவற்றையும் 200, 250 சதவீதம் பெரிதாக்கிக் காட்டுகிறது. பழைய மென்பொருள்களோ அங்குலத்துக்கு 96 புள்ளி என்ற கணக்கில் எழுதப்பட்டவை. அவற்றில் சில எழுத்தை மட்டும் பெரிதாக்கிவிட்டு, பெட்டியைப் பழைய அளவிலேயே விட்டுவிடும். வளர்ந்த பிள்ளைக்குப் போன வருஷச் சீருடையைப் போட்ட மாதிரி.

இதற்காக ரெசலூஷனை, அதாவது திரை காட்டும் புள்ளிகளின் எண்ணிக்கையை, குறைக்காதீர்கள். ஒரு மென்பொருளுக்காக மொத்தத் திரையும் மங்கிப்போகும். கூடக் காசு கொடுத்து வாங்கியதே அந்தக் கூர்மைக்குத்தானே!

முதலில் செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி, டெக்ஸ்ட் சைஸ் போய்ப் பாருங்கள். வீட்டில் யாராவது அதைக் கூட்டி வைத்திருந்தால் 100க்குக் கொண்டுவாருங்கள்.

அதுவும் சரியாக இருந்தால், மென்பொருளை மூடிவிட்டு அதன் ஐகனில் ரைட் கிளிக் செய்து ப்ரொப்பர்ட்டீஸ், கொம்பட்டிபிலிட்டி, 'சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்' என்று போங்கள். கீழே ஓவரைட் என்று தொடங்கும் வரிக்குச் சரி போட்டு, 'சிஸ்டம் என்ஹான்ஸ்ட்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். 2017க்குப் பிந்திய விண்டோஸ் 10இலும் 11இலும் இது உண்டு. அப்போது எழுத்தும் பெட்டியும் ஒரே அளவில் சேர்ந்து பெரிதாகும். அதிலும் கட்டங்கள் கோணினால் வெறும் 'சிஸ்டம்' போடுங்கள். எழுத்து கொஞ்சம் மங்கும், ஆனால் தொகை முழுதாகத் தெரியும். செக்ரோலுக்கு அதுதானே முக்கியம்? 'எப்ளிகேஷன்' மட்டும் வேண்டாம். அது அளவை அந்த மென்பொருளின் பொறுப்பிலேயே விட்டுவிடும்.

பெரிய மொனிட்டரைச் செருகும்போது மட்டும் அளவு குழம்பினால், சைன் அவுட் செய்து திரும்ப உள்ளே வந்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

இவ்வளவு செய்தும் சரிவராவிட்டால் லெப்டொப்பைச் சார்ஜரோடு ஹட்டன் கடைக்குக் கொண்டுவாருங்கள். இதற்குக் காசு எடுப்பதில்லை. சம்பள நாளை அண்டிய நாட்களில் கடையில் கூட்டம் அதிகம், அதைத் தவிர்த்து வந்தால் காத்திருக்க வேண்டியிராது.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்