பத்துக்குப் பத்து அறை

செங்கோட்டை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் தாளை எடுத்தேன். கட்டம் போட்ட நோட்டில் அளவெல்லாம் குறித்து, படமும் வரைந்து உள்ளே மடித்து வைத்திருக்கிறேன். வேலைக்கு வருகிற ஆசாரியிடம் அதைக் காட்டு. வாய்வார்த்தையாகச் சொன்னால் அவர் இஷ்டத்துக்குத்தான் செய்வார்.

சென்னையில் நீ வாங்கியிருக்கிற ஃபிளாட் பத்திரத்தில் 610 சதுர அடி என்றாய். நீ ஒவ்வொரு அறையாக அளந்து அனுப்பியதைக் கூட்டிப் பார்த்தால் 430 கூடத் தேறவில்லை. மாடிப்படி, லிஃப்ட், வராந்தா எல்லாவற்றிலும் உன் பங்கு என்று சேர்த்து எழுதிவிடுகிறார்கள். வீடு கட்டி விற்கிறவர்களைக் கட்டுப்படுத்த 2016-ல் வந்த ரெரா சட்டப்படி, சுவருக்குள்ளே புழங்குகிற இடம் எவ்வளவு என்பதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். பால்கனிகூட அந்தக் கணக்கில் வராது. ஒப்பந்தத்தில் அந்த எண் எங்கேயாவது இருக்கும், தேடிப் பார். சரி, வாங்கியாகிவிட்டது. நம் வகையறாவில் பெண்பிள்ளை பேரில், அதுவும் அவள் சம்பாத்தியத்தில் கிரயம் ஆனது இதுதான் முதல். டீக்கடையில் நான் சொல்லவில்லை, உன் சின்ன மாமாதான் சொல்லிக்கொண்டு திரிகிறார். நான் தடுக்கவும் இல்லை.

ஆனாலும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நாற்பது வருஷமாக அடுத்தவர் வீட்டுக்கு நிலையும் கதவும் மாட்டுகிறவனிடம் மகள் கேட்கவில்லை. போகட்டும்.

இடம் பெரிதாகத் தெரிய என்ன செய்யலாம் என்று கேட்டாயே, முதலில் கூடத்தைச் சொல்கிறேன். ஃபால்ஸ் சீலிங் வேண்டவே வேண்டாம். உன் தளம் ஒன்பதரை அடிதான். அதில் அரை அடியை ஜிப்சம் தின்றுவிட்டால் மின்விசிறி தலைக்கு மேலே வந்து நிற்கும். ஒரு சுவருக்கு மட்டும் கருநீலம் அடிப்பதாகப் படம் அனுப்பியிருந்தாய். அந்தப் படத்தில் ஜன்னல் எவ்வளவு பெரிது என்று பார்த்தாயா? உனக்கு எதிர் பிளாக் பத்தடியில் நிற்கிறது, வெயில் உள்ளே வர இடமில்லை. நாலு சுவருக்கும் சந்தன வெள்ளை, சீலிங்குக்குச் சுத்த வெள்ளை, அவ்வளவுதான். நடுவில் ஒரே டியூப்லைட் போட்டுவிடாதே, மூலையெல்லாம் இருண்டு அறை சுருங்கிவிடும். இரண்டு மூலையில் சின்ன விளக்கு வைத்து, வெளிச்சம் சுவரில் விழும்படி திருப்பிவிடு.

திரைச்சீலைக் கம்பியை ஜன்னல் தலையிலேயே அடிப்பார்கள், விடாதே. தளத்துக்கு நாலு விரல் கீழே அடித்து, இரண்டு பக்கமும் முக்கால் அடி தள்ளிவிடச் சொல். துணி தரையைத் தொட வேண்டும். ஜன்னல் மூன்றடிதான் என்று வருகிறவர்களுக்குத் தெரியாது. டி.வி. பெட்டி, செருப்பு அலமாரி எதுவும் தரையில் உட்காரக் கூடாது. சுவரில் மாட்டியோ, கால் வைத்தோ ஓரடி தூக்கிவிடு. அடியில் டைல்ஸ் சுவர் வரைக்கும் ஓடுவது தெரிந்தால் கண்ணுக்கு இடம் நீளும். பெருக்கவும் லேசு.

கட்டில் விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் அம்மா கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டாய். அதற்கப்புறம் மெசேஜ் மட்டும்தான் வருகிறது. மூன்றடிக் கட்டில் போதும், இடம் மிச்சமாகும் என்கிறாய். கணக்கு சரிதான். யாராவது என்னிடம் வந்து கேட்டால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் என் கணக்கையும் கேள். அறை பத்துக்குப் பத்து. கிழக்குச் சுவரோரம் அலமாரி, இரண்டடி ஆழம். மிச்சம் எட்டடி. மேற்குச் சுவரோடு ஐந்தடிக் கட்டிலை ஒட்டிப் போட்டால் நடுவில் மூன்றடி கிடைக்கிறது. அலமாரிக் கதவு ஒன்றரை அடி. திறந்து வைத்துக்கொண்டு நின்று சேலை எடுக்கலாம், இடிக்காது. கட்டில் நீளம் ஆறரை. வாசல் பக்கம் மூன்றரை அடி சும்மா கிடக்கும். ஐந்தடி தாராளமாக உட்காரும். சுவரோரம் படுக்கிறவர்தான் இறங்குவதற்குக் கொஞ்சம் சிரமப்பட வேண்டும். அம்மா வந்தால் அவளைச் சுவரோரம் படுக்கச் சொல்லாதே, கால் மடக்க மாட்டாள்.

அம்மா வருகிறதற்காகத்தான் சொல்கிறேன்.

நம் பழைய வீட்டில் ஒரே பத்தியில் ஏழு பேர் படுத்திருந்தோம். விடிந்ததும் பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்திவிட்டால் அதுதான் கூடம், அதுதான் சாப்பாட்டு அறை, மத்தியானம் ஆச்சி முறுக்குச் சுற்றுகிற இடமும் அதுதான். யாரும் இடம் போதவில்லை என்று சொல்லிக் கேட்டதில்லை. கட்டில் போட ஆரம்பித்த பிறகுதான் வீடெல்லாம் சின்னதாகிப்போனது. ஊருக்கெல்லாம் கட்டில் செய்து விற்றுவிட்டு இதை நான் சொல்லக் கூடாது.

நம் வீட்டிலேயே ஒரு கட்டில் கிடக்கிறது. பின்கட்டில், சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறேன். எதற்காக இழைத்தது என்று உனக்குத் தெரியும். தேக்கு, ஆரியங்காவு வழியாக வந்த மரம். ஒரு முடிச்சு கிடையாது. தலைப்பலகையில் கொடி செதுக்க ராத்திரி பத்து மணி வரைக்கும் உட்கார்ந்திருக்கிறேன். வருஷம் ஒருமுறை வெயிலில் போட்டு எடுத்து வைப்பதால் கரையான் தொடவில்லை. விற்றுவிடச் சொல்லி உன் அத்தை இரண்டு தரம் ஆள் அனுப்பினாள். அந்த ஆள் தலைப்பலகையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். எனக்குப் பிடிக்கவில்லை, அனுப்பிவிட்டேன்.

அது உனக்குச் செய்தது. உனக்கு என்றால் உனக்குத்தான், அதில் வேறு யாருக்கும் பங்கில்லை. அந்த மாப்பிள்ளை வீட்டார் பேச்சை நிறுத்திக்கொண்டதற்கும் கட்டிலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மரம் என்ன செய்யும்? இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வரவில்லை.

அலமாரிக் கதவில் ஆள் உயரக் கண்ணாடி வைக்கப்போவதாகச் சொன்னாய். கண்ணாடி நல்லதுதான், ஜன்னல் வெளிச்சத்தை வாங்கித் திருப்பி விடும். ஆனால் ஆறடிக்கு இரண்டடி, 5 மி.மீ. கண்ணாடி என்றால் 14 கிலோ வரும். அதைக் கதவில் ஒட்டினால் ஒரே வருஷத்தில் கீல் இறங்கி, கதவு தரையைத் தேய்க்கும். ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் நிரந்தரமாக மாட்டிவிடு. அடுப்படி தெரிகிற மாதிரி மட்டும் மாட்டாதே, பாத்திரக் குவியல் இரண்டாகத் தெரியும்.

சிங்குக்குக் கீழே மட்டும் சிக்கனம் பார்க்காதே. தூளை அழுத்திச் செய்த பலகை விலை குறைவு என்பார்கள், தண்ணீர் பட்டால் அப்பளம் மாதிரி உப்பிவிடும். பிளைவுட்டில், தண்ணீர் தாங்கும் என்பதற்கான ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று நீயே குனிந்து பார். ஒவ்வொரு பலகையிலும் பார்க்க வேண்டும். மேலே இருப்பதில் மட்டும் முத்திரை இருந்து நான் ஏமாந்த கதை உனக்குத் தெரியுமே. பரண் போடுவதானால் பாத்ரூம் வாசலுக்கு மேலே போடு. படுக்கிற இடத்துக்கு மேலே ஒன்றும் வேண்டாம். வேலை முடியாமல் முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு.

நேற்று அம்மாவும் நானும் பேசினோம். உனக்கு மூன்றடிதான் வேண்டுமென்றால் அந்தக் கட்டிலையே மூன்றடியாக்கித் தருகிறேன். நீளச்சட்டத்தில் கை வைக்க வேண்டியதில்லை. குறுக்குச்சட்டத்தை இரண்டடி வெட்டி, கூர் எடுத்து மறுபடி மாட்டிவிடலாம். தலைப்பலகையில் இரண்டு பக்கமும் ஓரோரடி போகும், கொடி கொஞ்சம் வெட்டுப்படும். வெட்டுகிற மரத்தில் சுவரில் மடக்குகிற மேஜை ஒன்று செய்யலாம். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தே இருக்கிறாய் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறாள். ஐந்தடியாக இருந்தால் நாளைக்கு வேண்டுமென்கிறபோது இருக்கும் என்பது என் எண்ணம். உன் வீடு, நீ சொல்கிற அளவு.

எதுவானாலும் லிஃப்டின் உள் உயரத்தையும் கதவு அகலத்தையும் அளந்து அனுப்பு. ஆறரை அடிச் சட்டம் நாலாவது மாடிக்குப் போக வேண்டும், படிக்கட்டில் திருப்ப முடியாது. போனில் அளக்கிற ஆப் வேண்டாம், இஞ்ச் டேப் வாங்கி அள. செவ்வாய்க்கிழமை சென்னைக்கு லோடு போகிறது, அதற்குள் தெரிந்தால் வெட்டுவதா வேண்டாமா என்று முடிவு பண்ணிவிடுவேன். நானும் அதே வண்டியில் வந்துவிடலாமா என்று பார்க்கிறேன். இரண்டு நாள் வேலைதான், கூடத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு
அப்பா

பி.கு.: எந்த அளவானாலும் வடக்கே தலை வைக்காதே என்று அம்மா எழுதச் சொன்னாள். படத்தில் தலைமாட்டைத் தெற்கே போட்டிருக்கிறேன்.