கம்பளி நூலும் எங்கள் கிணற்றுத் தண்ணீரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டுக் கைத்தொழில்கள் பற்றித் தங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையில் கம்பளி நூற்றலும் இடம்பெற்றது மகிழ்ச்சி. நோர்வேயில் இருந்த காலத்தில் அயல்வீட்டு அம்மா ஒருவரிடம் இந்தத் தொழிலைப் பழகியவள் நான். ஆகையால் இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் அண்மையில் நடந்த பயிற்சி ஒன்றில் முதல் நாளே பெண்களை இராட்டினத்துக்கு முன்னால் இருத்திவிட்டார்கள். வெளியிலிருந்து தருவித்த உரோமத்தைக் கிணற்றுத் தண்ணீரில், சவர்க்காரம் போட்டு, உடுப்புத் தோய்ப்பதுபோலக் கசக்கிக் கழுவியிருந்தார்கள். நூல் சொரசொரவென்று முடிச்சு முடிச்சாக வந்தது. "கை பழகினால் சரிவரும்" என்று சொல்லி அனுப்பினார்களாம். அந்தப் பிள்ளைகளின் கையில் ஒரு பிழையும் இல்லை.

எங்கள் யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிக் கிணறுகள் சுண்ணக்கல்லில் வெட்டினவை. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது அந்தச் சுண்ணம்தான். இந்தத் தண்ணீரில் சவர்க்காரம் சரியாக நுரைக்காது. கல்சியத்தோடு சேர்ந்து பிசுக்காகி இழையெல்லாம் ஒட்டிக்கொள்ளும். பிறகு எத்தனை தரம் அலசினாலும் லேசில் போகாது, சீவினால் இழை பிரியாது. மழைத்தண்ணீர்தான் நல்லது. அது இல்லாவிட்டால், சவர்க்காரக் கட்டியை விட்டுப் பாத்திரம் கழுவும் திரவத்தைப் பாவியுங்கள்.

கழுவ முன்னம் தெரிவு இருக்கிறது. உரோமத்தைப் பாயில் விரித்து, வயிற்றுப்பக்கம், கால்பக்கம், புழுக்கை பிடித்த ஓரம் எல்லாவற்றையும் கழிக்க வேண்டும். கத்தரி இரண்டாந்தரம் பட்ட குட்டைத் துணுக்குகளை உதறி எடுக்க வேண்டும். நூலில் சின்னச் சின்ன உருண்டைகளாக வருவது பெரும்பாலும் அவைதான். ஒரு கற்றையை இரு நுனியிலும் பிடித்துக் காதருகே சுண்டிப் பாருங்கள். படபடவென்று அறுகிற சத்தம் கேட்டால், ஆடு நோயிலோ தீனிக் குறைவிலோ இருந்த காலத்து உரோமம் அது. அதை நூற்கக் கூடாது.

முதலில் வெறும் பச்சைத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறட்டும். வியர்வை உப்பும் மண்ணும் கரையும். (அந்தத் தண்ணீரில் பொட்டாசியம் உண்டு, வாழைக்கு விடலாம்.) பிறகு 60 பாகை செல்சியஸ் அளவு சூடான தண்ணீரில், பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, அமிழ்த்திவிட்டுத் தொடாமல் இருக்க வேண்டும். கலக்கினால் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கட்டியாகிவிடும். சூடு ஆற முன்னம் எடுக்க வேண்டும். ஆறினால் கரைந்த கொழுப்புத் திரும்பவும் படியும். அலசும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்க வேண்டும். முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்துங்கள், எங்கள் பங்குனி வெயில் உரோமத்தை மஞ்சளாக்கிவிடும்.

கழிவும் கொழுப்பும் போக, நிறையில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ குறையும். உரோமம் வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்து வாங்க வேண்டும். யாழ்ப்பாணச் செம்மறியில் வெட்டலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது இறைச்சிக்கு வளர்க்கும் இனம். வெக்கைக்கு ஏற்ற குட்டை மயிர்தான் அதற்கு உண்டு, நூலுக்கு உதவாது.

பயிற்சி நடத்துகிறவர்களிடம் என் வேண்டுகோள்: இராட்டினத்தைத் தொட முன்னம் தெரிவையும் கழுவலையும் படிப்பியுங்கள். ஒரு வெப்பமானியும் மழைத்தண்ணீர் பிடிக்கப் பெரிய பரல் ஒன்றும் வாங்கினால் போதும். அடுத்த பயிற்சியை மார்கழிக்குப் பிறகு வைத்தால், தண்ணீர் பிடித்துவைக்க ஐப்பசி, கார்த்திகை இரண்டும் கைவசம் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
உரும்பிராய்.